‘சின்னக் களவு’க்கும் ஒரு முறைப்பாட்டு இலக்கம் வேண்டும்

கடந்த சிறுபோகத்தின்போது வன்னியில் இருக்கும் எனது அக்காவின் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின் களவு போனது. இரவு பத்து மணிக்குக் கிணற்றடியில் இருந்தது, விடிய ஐந்து மணிக்கு இல்லை. இரண்டு அங்குலக் குழாய் மட்டும் வெட்டப்பட்டுக் கிடந்தது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கடன் எடுத்து வாங்கிய மிசின். கடனில் அரைவாசி இன்னும் கட்டி முடியவில்லை. மிளகாய் பூத்து நின்ற நேரம் அது.

அன்று காலை அக்காவுடன் நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். முன்மேசையில் இருந்தவருக்குத் தமிழ் அரைகுறை. தமிழ் தெரிந்தவர் விடுமுறையில் போயிருந்தார். முதலில் “யார் மேல சந்தேகம்?” என்று கேட்டார். தெரியாது என்றோம். “பெயர் இல்லாமல் எப்பிடிப் பிடிக்கிறது?” என்றார். பிறகு பற்றுச்சீட்டைக் கேட்டார். அதுவும் கையில் இருக்கவில்லை. கடைசியில், “அக்கா, மிசின்தானே போனது? ஆளுக்கு ஒண்டும் இல்லைத்தானே? சின்ன விசயம். ஊருக்குள்ள விசாரிச்சுப் பாருங்கோ. தெரிஞ்சா வந்து சொல்லுங்கோ” என்று சொல்லி அனுப்பிவிட்டார். புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும். “ஆள் போனபோதும் எழுதேல்லை. மிசின் போனபோதும் எழுதேல்லை.”

அத்தான் 2009இல் காணாமல் போனவர். அவரைத் தேடிப் போன இடங்களிலெல்லாம் ‘இங்கே பதிவு இல்லை’ என்ற பதிலோடு திரும்பியவர் அக்கா. அந்த இழப்பையும் இந்த இழப்பையும் ஒரே தட்டில் வைத்து அவர் பேசவில்லை. எழுத மறுக்கும் அந்தக் கை ஒன்றுதான் என்பதைத்தான் சொன்னார்.

இந்தக் கட்டுரை அந்த மறுப்பைப் பற்றியது. பொலிஸார் ‘சிறியது’ என்று தள்ளிவிடும் குற்றம் ஒன்றுக்கு முகங்கொடுத்தவர் என்ன செய்யலாம், அதில் எது பயன் தரும், எது தராது என்பதைப் பற்றியது.

யாருக்குச் சிறியது?

ஆடு, மாடு, மிசின், சைக்கிள், கைத்தொலைபேசி, வேலிக்கம்பி, வெட்டப்பட்ட வாழைக்குலை. இவை பொலிஸ் புள்ளிவிபரத்தில் பெரிதாகத் தெரிவதில்லை. கொலை, கொள்ளை, போதைப்பொருள் என்றால் மேலிடம் கேள்வி கேட்கும். ஒரு மிசினைப் பற்றி எந்த மேலதிகாரியும் கேட்கப் போவதில்லை. அதற்காக ஓர் உத்தியோகத்தரை வாக்குமூலம் எடுக்கவும், இடத்தைப் பார்வையிடவும், பழைய இரும்புக் கடைகளைச் சோதிக்கவும் அனுப்பினால் நிலையத்துக்கு ஆள் குறையும். பதிந்துவிட்டுப் பிடிக்க முடியாமல் போனால் தீர்க்கப்படாத முறைப்பாடு என்று கணக்கில் நிற்கும். பதியாமல் விட்டால் கணக்கும் இல்லை, கேள்வியும் இல்லை. எழுதாமல் அனுப்புவதற்கான முதற்காரணம் இந்தச் சாதாரண நிர்வாகக் கணக்குத்தான். இது தெற்கிலும் நடக்கிறது.

ஆனால் வடக்குக் கிழக்கில் இதற்கு மேலும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன.

ஒன்று மொழி. பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர்கள் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் எடுக்கப்பட வேண்டும் என்று அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது. ‘தமிழ் தெரிந்தவர் லீவு, நாளைக்கு வாங்கோ’ என்ற பதில் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

மற்றையது முன்னுரிமை. 2020 நவம்பரில் மாவீரர் நினைவேந்தலுக்குத் தடை கோரி வடக்குக் கிழக்கின் பல நீதிமன்றங்களில் பொலிஸார் மனுத் தாக்கல் செய்ததை நாம் பார்த்தோம். ஒரு விளக்கு ஏற்றப்படும் இடத்துக்கு வாகனம் வருகிறது, படம் எடுக்க ஆள் வருகிறது. கிணற்றடிக்கு வர வாகனம் இல்லை. ஆகவே இது வளப் பற்றாக்குறை மட்டுமல்ல. எதற்கு ஆள் அனுப்புவது என்ற தெரிவும் இதில் இருக்கிறது.

மறுபக்கம் இன்னும் மோசமானது. 2023 நவம்பரில் களவுச் சந்தேகத்தில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைதுசெய்யப்பட்ட இளைஞர் ஒருவர் சித்திரவதைக்கு உள்ளாகி உயிரிழந்தார் என்ற குற்றச்சாட்டில் பொலிஸ் உத்தியோகத்தர்கள் கைதானார்கள். அவர் மீதிருந்ததும் ஒரு களவுச் சந்தேகம்தான். ஒரு களவை எழுதாமல் விடுவதும், இன்னொரு களவுக்கு அடித்துக் கேட்பதும் எதிரெதிரானவை போலத் தோன்றும். இரண்டிலும் இல்லாதது ஒன்றே: ஒழுங்கான விசாரணை. ‘பொலிஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று நாம் கேட்கும்போது எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். யாரையாவது பிடித்து அடிக்கும்படி நாம் கேட்கவில்லை. எழுதும்படியும், வந்து பார்க்கும்படியும், என்ன நடந்தது என்று பதில் சொல்லும்படியும்தான் கேட்கிறோம்.

நாங்கள் ஏன் போவதில்லை?

பொலிஸார் எழுத மறுப்பது ஒரு பாதி. நாங்கள் போகாமல் விடுவது மறுபாதி. மறைக்கத் தேவையில்லை. எங்கள் தலைமுறைக்குப் பொலிஸ் நிலையம் என்பது சுற்றிவளைப்பையும், பதிவையும், தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பியதையும் நினைவுபடுத்தும் இடம். முன்னாள் போராளி ஒருவர் தனது ஆடு களவு போனதை முறையிடப் போனால், ஆட்டைப் பற்றி இரண்டு கேள்வியும் அவரது பழைய வாழ்க்கையைப் பற்றி இருபது கேள்வியும் வரும் என்று அஞ்சுகிறார். தனியாக வாழும் பெண், முறைப்பாட்டைச் சாட்டாக வைத்து உத்தியோகத்தர் இரவில் தொலைபேசி எடுப்பாரோ என்று அஞ்சுகிறார். இந்த அச்சங்கள் கற்பனையானவை அல்ல.

ஆனால் அதன் விளைவு என்ன? எந்த வீட்டில் ஆண் துணை இல்லை, எந்த வீட்டார் பொலிஸுக்குப் போகமாட்டார்கள் என்பது களவெடுப்பவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பயம்தான் அவரது முதலீடு. அக்காவின் மிசினுக்கு முன்னர் அதே குறிச்சியில் மேலும் இரண்டு மிசின்கள் போயிருந்தன என்பது பிறகுதான் தெரியவந்தது. இரண்டு வீட்டாரும் முறையிடவில்லை. இருவருமே பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்.

முதல் வேலை: எழுத்தில் ஏற்றுதல்

நாங்கள் இரண்டாவது முறை போனபோது கையில் ஒரு கடிதம் இருந்தது. தமிழில், ஒரு பக்கத்தில், இரண்டு பிரதிகள். முதல் நாள் என்ன திகதியில், எத்தனை மணிக்கு வந்தோம், என்ன சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டோம் என்பதும் அதில் இருந்தது. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் முன்மேசையில் இருந்தவர் பொறுப்பதிகாரியிடம் போனார்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாக ஒருவர் தரும் தகவல் வாய்மொழியாகவும் இருக்கலாம், எழுத்திலும் இருக்கலாம். வாய்மொழியாகச் சொன்னால் சொன்ன மொழியிலேயே அதை எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் பெற வேண்டும். உத்தியோகத்தருக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே தனது மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். ‘தமிழ் எழுத ஆள் இல்லை’ என்பது திருப்பி அனுப்புவதற்கான காரணம் அல்ல. எழுதிய கடிதத்தைக் கொண்டு போனால் அந்தக் காரணமே எழாது. வாசித்து விளங்கப்படுத்தாத சிங்களப் பதிவில் கையொப்பமிட அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் முதலில் 2015இல் வந்தது. இப்போது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமாக இருக்கிறது. முறைப்பாடு செய்வதையும், அது பதியப்பட்டுப் பக்கச்சார்பின்றி விசாரிக்கப்படுவதையும் பாதிக்கப்பட்டவரின் உரிமையாக ஏற்றுக்கொண்ட சட்டம் அது. பொலிஸ் செய்யும் தயவு என்று நாம் நினைப்பது சட்டத்தில் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது.

கடிதத்தில் எதை எழுதுவது? பொருளின் வகை, நிறம், இயந்திர இலக்கம், கீறல் அல்லது ஒட்டு வேலை போன்ற அடையாளம். மாடு என்றால் குறி. கைத்தொலைபேசி என்றால் பெட்டியில் இருக்கும் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம். கடைசியாகப் பார்த்த நேரம், காணவில்லை என்று அறிந்த நேரம், அருகில் கமரா உள்ள கடை. சந்தேகநபரின் பெயர் கட்டாயமில்லை. யார் செய்தது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் விசாரணை. நிச்சயமில்லாமல் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு வட்டுக்கோட்டைச் சம்பவம் சாட்சி.

வெளியே வருமுன் முறைப்பாட்டு இலக்கத்தையும், திகதியையும், எழுதியவரின் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். முறைப்பாட்டின் பிரதியைச் சிறு கட்டணம் செலுத்திப் பெறலாம். விசாரணைக்கு வர ‘பெற்றோல் காசு’ கேட்டால் அது கட்டணம் அல்ல, இலஞ்சம். இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

எழுதவே மறுத்தால்?

அப்போது கடிதத்தைப் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்கும் பிரதி போட வேண்டும். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். என் அனுபவத்தில் கொழும்புக்கு எழுதுவதைவிட ஒரு படி மேலே இருக்கும் அதிகாரிக்கு எழுதுவது விரைவாக வேலை செய்யும். பொறுப்பதிகாரியிடம் விளக்கம் கேட்கக்கூடியவர் அவர்தான்.

அதற்கும் அசையாவிட்டால் மூன்று வாசல்கள் உள்ளன. மூன்றும் வெவ்வேறு வேலைக்கானவை.

தேசிய பொலிஸ் ஆணைக்குழு: பொலிஸ் உத்தியோகத்தருக்கு எதிரான பொதுமக்களின் முறைப்பாட்டை ஏற்று விசாரிப்பது அரசியலமைப்பு அதற்குக் கொடுத்த பணி. களவைக் கண்டுபிடிப்பது அதன் வேலையல்ல. எழுத மறுத்த உத்தியோகத்தரின் நடத்தைதான் அங்கே விடயம்.

மனித உரிமைகள் ஆணைக்குழு: 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு உட்படப் பல இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. தொலைபேசி 1996. பொலிஸார் கடமையைச் செய்யாமல் விடுவதை, அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை தரும் சமமான சட்டப் பாதுகாப்பு மறுக்கப்பட்டதாக அங்கே முறையிடலாம். ஒரு மாதத்துக்குள் முறையிடுவது முக்கியம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்வதற்கான காலமும் ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவால் பரிந்துரைக்கத்தான் முடியும், கட்டளையிட முடியாது என்பதையும் தெரிந்து போக வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். முறைப்பாடு பதிந்த பிறகு ஒன்றும் நடக்காவிட்டால் இதுதான் மலிவான கருவி. ‘இந்தத் திகதியில், இந்த இலக்கத்தில் பதிந்த எனது முறைப்பாட்டில் இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன? பொறுப்பான உத்தியோகத்தர் யார்?’ என்று இரண்டு கேள்வி போதும். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். விசாரணைக்குப் பாதகம் என்று சில விபரங்களை மறுக்கலாம். ஆனால் கேள்வி வந்ததும் யாரோ ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும். பல நேரங்களில் அதுவே பாதி வெற்றி.

மத்தியஸ்த சபையும் நீதிமன்றமும்

‘மத்தியஸ்த சபைக்குப் போங்கோ’ என்பதும் பொலிஸ் நிலையத்தில் கேட்கும் பதில்களில் ஒன்று. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் இந்தச் சபைகள், அயலவருக்கிடையிலான சிறு அடிதடி, அத்துமீறி நுழைதல், வேலி உடைப்பு போன்றவற்றுக்கு உண்மையிலேயே உதவுகின்றன. சில பிணக்குகளில் அங்கே போய் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற்ற பின்னரே வழக்குப் போட முடியும். ஆனால் இணங்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. இருதரப்பும் யார் என்று தெரிந்தால்தான் மத்தியஸ்தம். முகம் தெரியாத கள்வனோடு யார் மத்தியஸ்தம் செய்வது? வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணை அடித்தவரோடு சமாதானமாகப் போகச் சொல்வதற்கும் இந்தச் சபை ஒரு குறுக்குவழியாகக் கூடாது.

செய்தவர் யார் என்று தெரிந்து, சாட்சியும் இருந்து, பொலிஸார் வழக்குத் தொடர மறுத்தால் கடைசி வழி ஒன்று உண்டு. அதே குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 136(1)(அ) பிரிவின்படி, பாதிக்கப்பட்டவரே நீதிவான் நீதிமன்றில் நேரடியாக முறையிடலாம். எழுத்தில் கொடுத்தால் சட்டத்தரணி ஒருவர் மேலொப்பமிட வேண்டும். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். ஒரு மிசினுக்காகப் பல தவணை நீதிமன்றம் ஏறுவது கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி. நாட்கூலி இழப்பையும் பஸ் காசையும் கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, சந்தேகப்பட்ட பொடியனைப் பிடித்துக் கட்டி அடிப்பதும் முகநூலில் படத்தைப் போடுவதும் இப்போது கூடிவருகிறது. பொலிஸ் செய்யாததால் செய்தோம் என்கிறார்கள். அடித்தவர் மறுநாள் சந்தேகநபராகிவிடுகிறார். படத்தைப் போட்டவர் மானநட்ட வழக்குக்கும், 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டி வரலாம். களவு கொடுத்தவரின் முறைப்பாட்டை எழுத நேரமில்லாத அதே மேசை, அவருக்கு எதிரான முறைப்பாட்டை உடனே எழுதும்.

தனி ஆளாக அல்ல

இந்தப் பிரச்சினைக்கு ஓர் அரசியல் வேர் இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தில், தேசிய பாதுகாப்பு, நாணயம் போன்ற சில வகைக் குற்றங்களை மத்தியின் பொலிஸ் பிரிவுக்கு ஒதுக்கி, ஏனையவற்றை மாகாணப் பொலிஸ் பிரிவு கையாளும் என்று எழுதப்பட்டது. அக்காவின் மிசின் போன்ற சிறு களவுகள் மாகாணத்துக்குரியவை. அந்தப் பொலிஸ் அதிகாரம் ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. வடக்கு மாகாண சபையின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்துபோனது. அதிகாரப் பகிர்வு என்பது மேடைப் பேச்சு மட்டுமல்ல. தனது மொழியில் எழுதிக்கொள்ளும், அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டிய ஒரு நிர்வாகத்தின் கீழ் இருக்கும் பொலிஸ் நிலையம் என்பதே அதன் பொருள்.

அது வரும்வரை காத்திருக்க முடியாது. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் பொலிஸாரும் அழைக்கப்படுகிறார்கள். அங்கே ஒருவர் எழுந்து ‘களவு கூடிப் போச்சு’ என்று சொன்னால், ‘முறைப்பாடு கிடைக்கவில்லையே’ என்று பதில் வரும். ‘இந்த மூன்று மாதத்தில் எங்கள் கிராம அலுவலர் பிரிவில் இத்தனை முறைப்பாடு, இதோ இலக்கங்கள்’ என்று ஒரு தாளை நீட்டினால் அந்தப் பதில் செல்லாது. மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ இதற்கென ஒரு கொப்பி வைத்திருப்பது கடினமான காரியமல்ல. முறையிடப் போகும் பெண்ணோடு கூடப் போக இரண்டு பேரை ஒழுங்குசெய்வதும் அப்படித்தான்.

அக்காவின் மிசின் இன்னும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முறைப்பாடு பதிந்த பிறகு முன்னர் மிசின் பறிகொடுத்த இரண்டு வீட்டாரும் போய் எழுதினார்கள். மூன்றும் சேர்ந்த பிறகு பொலிஸார் ஒருமுறை வந்து பழைய இரும்புக் கடைகளில் விசாரித்துப் போனார்கள். முறைப்பாட்டுப் பிரதியைக் காட்டியதும் சங்கம் கடன் தவணையை ஆறு மாதம் தள்ளிக் கொடுத்தது. மிளகாயில் பாதி வாடிவிட்டது, மீதியை அயல்வீட்டு மிசினில் இறைத்துக் காப்பாற்றினார்.

போன வாரம் போயிருந்தபோது சங்கத்தின் கொப்பியைக் காட்டினார். முதல் பக்கத்தில் குறிச்சியில் உள்ள மிசின்கள், சைக்கிள்கள் எல்லாவற்றினதும் இலக்கங்கள் இருந்தன. மூன்று முறைப்பாட்டு இலக்கங்கள் கடைசிப் பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருந்தது. நிரம்பாமல் இருந்தால் நல்லது என்றார் அக்கா. நிரம்பினாலும் எழுதித்தான் வைப்போம் என்றார்.